மிச்சத் திராணி

ஐஸில் வைக்கக் கூடாது, தட்டணுக்கள் கெட்டுவிடும்,
அறை வெப்பநிலையில் கொண்டுவா என்கிறது செய்முறைத் தாள்.
அது சொல்லும் அறை
சித்திரை மாசத்து மதுரையில் எங்குமே இல்லை.
தூக்குவாளிக்குள் ஈரத்துணி சுற்றி
கீழமாரட் வீதியிலிருந்து
காளவாசலில் பஸ் மாறி
நாகமலை வரைக்கும்
மடியில் வைத்து எடுத்து வந்தேன்
ஒச்சுக்காளையின் பத்து மில்லி ரத்தத்தை.
சாம்பாரா, என்றார் கண்டக்டர்.
சாஞ்சா ஊத்திரும், பாத்துக்கங்க.

வயது ஐம்பத்தொன்று. வெங்காய மண்டியில் மூட்டை.
போன ஐப்பசிக் காய்ச்சலுக்கு அப்புறம்
மாடிக் கிடங்கின் பதினெட்டுப் படியில்
பதினொன்றாவதில் நின்றுவிடுகிறார்.
படிவம் தகப்பனார் பெயர் கேட்டது.
நான் அளக்கப்போகும் உலையோ
தாய்வழியில் மட்டும் வருவது.
அவளுக்குக் கட்டம் இல்லை.
கேட்டு, ஓரத்தில் எழுதிக்கொண்டேன்:
வீராயி.

கண்ணாடி அறை இரண்டு மில்லி கொள்ளும்.
அடியில் அரிசி நீளத்தில் ஒரு காந்தக் குச்சி சுழலும்.
மூடியை இறக்கிவிட்டால்
உள்ளே இருக்கும் ஆக்சிஜன்தான் மொத்தச் சொத்து.
திரையில் கோடு சரிகிறது. செலவு.
ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருக்க ஆகும் செலவு.

முதல் மருந்து சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும்.
அப்போதும் கோடு கொஞ்சம் இறங்கும்
கசியாத உலை கிடையாது.
அடுத்ததைத் துளித்துளியாக விட வேண்டும்.
கடிவாளத்தை அறுத்துவிடும் அது.
ஒரு ஏடிபிகூடச் சேராது,
ஓடு, உன்னால் எவ்வளவு முடியுமோ ஓடு என்று
வெறுமனே விரட்டும்.
அந்த உச்சத்திலிருந்து
சும்மா இருந்த செலவைக் கழித்தால் வருவது
மிச்சத் திராணி.

கோடு செங்குத்தாக விழுந்தது.
சும்மா இருந்ததைப்போல் இரண்டரை மடங்கு.
எந்திரத்தைச் சந்தேகித்தேன்,
கணக்கைச் சந்தேகித்தேன்.
இரண்டரைதான்.
கடைசியாக ஆன்டிமைசின்.
எல்லாம் அடங்கியது.

ஒப்பீட்டுக்கு நோயில்லாத ஓர் ஆள் வேண்டும்.
சனிக்கிழமை சாயங்காலம், யாரும் அகப்படவில்லை.
டெய்சி ஊசியை எடுக்க
என் கையையே நீட்டினேன்.
மெகராஜ் பானு, முப்பத்து நான்கு, ஆராய்ச்சியில் ஆறாவது வருஷம்.
உதவித்தொகை நாலு மாசமாக வரவில்லை,
அதற்கும் கட்டம் இல்லை.

விரட்டும் மருந்தை விட்டேன்.
கோடு அதே சாய்வில் போனது.
இன்னொரு துளி.
கரண்ட் போய் யூபிஎஸ் கீச்கீச்சென்றது.
இன்னொரு துளி.
கால் மடங்குகூட ஏறவில்லை.

ஆன்டிமைசின் கண்ணாடியை லேசில் விடாது.
முன்னால் ஓட்டியதன் சொச்சம் ஒட்டியிருந்தால்
பின்னால் வருபவரின் மூச்சு அடங்கித் தெரியும்.
மூன்று தடவை கழுவினேன்.
நாலா?
நோட்டில் குறிக்கவில்லை.
ஆகவே இந்த எண்
கழுவாத சொச்சமாக இருக்கலாம்,
நானாகவும் இருக்கலாம்.

திங்கள்கிழமை மண்டியில் சொன்னேன்,
நல்லாத்தான் இருக்குங்க.
'நெசமாவா' என்று துண்டை உதறினார்.
'அப்ப ஏற முடியலையே.
மூட்டைதான் கனத்துப்போச்சாக்கும்?'

ஒரு ஆள், ஒரு எண், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது,
பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்டுங்கள் என்றேன்.
காட்டியாச்சு என்றார்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
என்னுடையதைவிட உங்களுடையது மேல் என்று சொல்லிவைத்தேன்.
பெல்லாரி மூட்டைமேல் கைவைத்தபடி
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
'நீங்க என்னத்தம்மா தூக்குறீக?'

ஆல்கஹாலில் கால் மணி நேரம்.
வடிநீர். மறுபடி ஆல்கஹால்.
இந்தத் தடவை நோட்டில் கோடு போட்டு
எண்ணிக்கொண்டே கழுவுகிறேன்.
ஏழாவது கோடு.